பழத்தை அறுத்துப் பாருங்கள்

(மேல்சித்தாமூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடையே ஆற்றிய உரை)



காரி நாயனார் யாத்த கணக்கதிகாரத்தில் ஒரு பலாக்கணக்கு உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்பது அது. முள் 40 எனில் சுளை 48. அகத்தைப் புறத்தால் அளக்க முனைந்த தமிழறிவு என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கியபின் எத்தனைபேர் பழத்தை அறுத்தோம்?

பிள்ளைகள் முள்ளை எண்ணிக் கணக்கிட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதட்டும். பின்னர் அறுத்துச் சுளையை எண்ணட்டும். (எண்ணிய சுளையைத் தின்ன எவர் ஆணையும் வேண்டா.) இரு தொகையும் பெரும்பாலும் ஒவ்வா. கல்வி அங்கேதான் தொடங்குகின்றது. பலாப்பழம் பல பூக்களின் கூட்டு. ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் முனை. சூல்கொண்ட பூ சுளையாகும். கொள்ளாதது சடையாய் நிற்கும். எத்தனை பூ சூல்கொண்டது என்பதைக் காம்படி முட்கள் அறிவிக்கமாட்டா. ஏன் பிழைத்தது என்று வினவும் பிள்ளை, பண்ணுருட்டிப் பழத்திற்கு ஐந்துக்கு ஆறு பொருந்துமா, வேறெண் வேண்டுமா என்று தானே தேடும். இதனையே கணக்கு ஒப்புரு என்கின்றனர் இன்றைய அறிஞர்.

பலா இல்லாத திங்களில் நம் மல்லாட்டை உண்டு. ஒரு பிடி காயை உரித்துப் பருப்பெண்ணி, ஒரு படிக்கு எத்தனை என மூன்றாம் வகுப்புப் பிள்ளையே மதிப்பிடும்.

“நூல் பொய்யாகிவிடுமே” என்றஞ்சிப் பிள்ளை எண்ணிய எண்ணை அடித்துவிடாதீர்கள். நூலெண்ணும் பிள்ளையெண்ணும் பலகையில் அருகருகே நிற்கட்டும். அடுத்த பழம் வந்ததும் மீண்டும் எண்ணலாம்.