தானாகத் துடிக்கும் இதயம்



இதயம் துடிக்க மூளைதான் ஆணையிடுகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. இதயத்தின் வலது மேலறைச் சுவரில் ஒரு சிறிய திசுப்பகுதி இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் இங்கிலாந்தில் அதைக் கண்டறிந்தார்கள். சைனோ ஏட்ரியல் கணு என்பது அதன் பெயர்.

கை கால் தசையிலுள்ள செல்கள் நரம்பு தூண்டும்வரை சும்மா இருக்கும். இந்தக் கணுவின் செல்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. ஒரு துடிப்பு முடிந்ததும் சோடியம் (நாம் குழம்பில் போடும் உப்பில் இருப்பதுதான்) துளித்துளியாக உள்ளே கசிகிறது. மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. ஓர் அளவைத் தொட்டதும் கால்சியம் உள்ளே பாய, மின்துடிப்பு கிளம்பி இதயம் முழுவதும் பரவுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறும்; மறுபடியும் கசிவு தொடங்கும். இப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை! நரம்புகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். தாயின் வயிற்றில், நரம்புகள் வந்து சேருமுன்பே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தவருக்காகச் செபிக்க மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம், குருக்களாகிய நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, நெஞ்சு துடிக்குதே, எப்படிச் செத்துட்டான்னு சொல்றாங்க?" பெற்றவளின் கை உணர்வது பொய்யில்லை. மூளை முற்றிலும் செயலிழந்தால் மூச்சு நின்றுவிடும். ஆனால் வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்வரை, அந்தச் செல்கள் சிறிது காலம் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இது கோமா அன்று. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். ஆகவேதான் நம் நாட்டுச் சட்டம் நான்கு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும், குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்கிறது.

மூளை முழுவதும் மீளமுடியாதபடி செயலிழந்ததை முறையாகக் கண்டறிந்து, அதை இறப்பாக ஏற்பது மனிதரைப் பற்றிய சரியான பார்வையின் அடிப்படைக் கூறுகளுக்கு முரணாகத் தோன்றவில்லை என்று 2000 ஆகஸ்ட் 29 அன்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் கூறினார். உறுப்பு தானத்தை அன்புச் செயல் என்றார். கட்டாயம் எவருக்கும் இல்லை.

அப்படிக் கொடுக்கப்பட்ட இதயம் நரம்புகள் அறுபட்டே வேறொருவரின் மார்பில் பொருத்தப்படுகிறது. இரத்தம் பாய்ந்து சூடேறியதும், பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. உங்கள் விருப்பம் எதுவானாலும், இரவு செபமாலை முடிந்ததும் வீட்டாரிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள். ஐ.சி.யு. வாசலில் அவர்களுக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது.