துண்டுத்தாளும் வரிசையும்

கோலசிலாங்கூரில் கிரிப்டோ நாணயத்துக்கு ஒரு கருத்தரங்கா என்று பலர் கேட்டீர்கள். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். ரப்பர் துரைமார் அவரையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் அம்மா கூட்டுச் சீட்டு பிடித்தார். இருபது பேர், மாதம் ஐம்பது வெள்ளி. சம்பள நாள் மாலையில் ஆளுக்கொரு துண்டுத்தாள். எவ்வளவு கழித்துக்கொண்டு எடுக்கச் சம்மதம் என்று எழுதி, மடித்து, மைலோ டப்பாவில் போட வேண்டும். எல்லாரும் போட்ட பிறகே அம்மா பிரிப்பார். அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மாதப் பணம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பேன். ஒருமுறை ஓர் அக்கா சொன்ன தொகையை இன்னொருவர் காதில் போட்டுவிட்டேன். அவர் ஒரு வெள்ளி கூட்டி எழுதிப் பணத்தை எடுத்துக்கொண்டார். அக்கா மகளுக்கு அந்த மாதம் சீருடை வாங்க முடியவில்லை. அம்மா விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

நான் அன்று செய்ததை எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் தானியங்கி நிரல்கள் செய்கின்றன. ஒரு பரிவர்த்தனை, தொகுதி எனும் பதிவேட்டுப் பக்கத்தில் ஏறுமுன் பொதுக் காத்திருப்பிடத்தில் பிரித்த தாளாகக் கிடக்கிறது. பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தொகுதி. அதற்குள் யார் முன்னால் என்பதை வந்த நேரம் முடிவு செய்வதில்லை. தொகுதியைக் கட்டுபவர் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். ஒருவர் பெரிய தொகைக்கு ஒரு டோக்கன் வாங்கப் போகிறார் என்று கண்டால், நிரல் கூடுதல் கட்டணம் கொடுத்து முந்தி வாங்கும். விலை ஏறும். அவர் ஏறிய விலைக்கு வாங்கியதும் நிரல் விற்றுவிடும். இதற்கு சாண்ட்விச் என்று பெயர். நடுவில் இருப்பது நம் ஆள். 2019இல் பில் டையனும் உடன் ஆய்வாளர்களும் இப்படி முந்திக்கொள்ளும் நிரல்களின் வேட்டையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இதிலிருந்து தப்ப, காத்திருப்பிடத்தைத் தவிர்த்து, தொகுதி கட்டுபவரிடமே தனியாகக் கொடுப்பது ஒரு வழி. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் காதோடு சொல்வது போல; கிராணி யோக்கியராக இருக்க வேண்டும். வரிசை உறுதியாகும்வரை தாளை மூடியே வைக்கும் மறையாக்கம் இன்னொரு வழி. மைலோ டப்பாவைத்தான் இவ்வளவு கணிதம் போட்டுத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள்.

வரிசை மட்டுமல்ல, கணக்கும் திறந்தே கிடக்கிறது. மின்பணப்பை முகவரியில் பெயர் இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மைகார்டு அடையாள அட்டை காட்டி நாணயம் வாங்கிய பரிமாற்ற நிலையத்துக்கு அந்த முகவரி யாருடையது என்று தெரியும். அதே முகவரியிலிருந்து கடையில் ஒருமுறை பணம் கட்டினால், கடைக்காரர் உங்கள் இருப்பையும் பழைய வரவு செலவையும் புரட்டிப் பார்க்கலாம். தோட்டத்துக் கடைக்காரரின் கடன் புத்தகமாவது கல்லாவுக்குள் இருந்தது. இது, காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் விரித்துவைத்த புத்தகம்.

திருடரைப் பிடிக்க அந்தத் திறந்த புத்தகம் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. அதற்காகக் கூலிக்காரரின் இருப்பை ஊரே பார்க்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன்.

கட்டுரை படைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: நூறு வெள்ளிக்கு வாங்குபவர் உங்கள் முறையில் எத்தனை சென் இழப்பார், அவர் கணக்கை யார் யார் பார்ப்பார்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.