கேட்கும் செவி வேண்டும்!

(திருவரங்கத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் இந்தத் தீவிலே நின்று பேசுகிறேன். அந்த முக்கொம்பிலே 1836ஆம் ஆண்டில் மேலணையை எழுப்பியவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். ஆழம் காணவியலாத ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை அவர் எங்கே கற்றார்? சீமையிலா? கல்லணை கண்ட இந்நாட்டு மக்களிடமே கற்றோம் என்று அவரே எழுதினார். ஆளவந்த நாட்டானுக்கு இருந்த அந்த அடக்கம், நாம் வாக்களித்து அமர்த்திய அரசுகளுக்கு இருக்க வேண்டாமா?

அறிவியல் வேண்டாமென்று கூற வந்தேனில்லை. அறிவியலின் பெயரால் எடுக்கப்படும் முடிவுகளிலே மக்களுக்கும் உரிமை உண்டு என்றே கூறுகிறேன்.

2009 அக்டோபரில், மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயைப் பயிரிடலாம் என்று ஒப்புதல் குழு கூறிற்று. அன்றைய நடுவண் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஏழு நகரங்களிலே உழவரையும் அறிவியலாரையும் ஒரே மன்றத்தில் வைத்துக் கருத்துக் கேட்டார். அந்த ஏழில் தமிழகத்து நகர் ஒன்றுமில்லை, அது குறைதான். எனினும் கேட்டார், 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அனுமதியை நிறுத்தியும் வைத்தார். கேட்டதனால் குடி முழுகிப் போயிற்றா?

பத்தாண்டு கழிந்தது. 2020 சனவரி 16ஆம் நாள், எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைப்புக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று நடுவண் அரசு அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. அட்டவணை மொழிகள் 22இலும் பெயர்த்துத் தருக என்று சொல்லத் தில்லி உயர்நீதிமன்றம் வரவேண்டியிருந்தது! கருத்துக் கேட்கிறோம் என்கிறார்கள். கேள்வியை நமக்குப் புரியாத மொழியிலே வைக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டம் கவசமாயிற்றே என்பீர்கள். அதன் பட்டியலில் தஞ்சை உண்டு, திருவாரூர் உண்டு, நாகை உண்டு. முதலில் அறிவிக்கப்பட்ட திருச்சி மாவட்டமோ, சட்டத்தில் இடம்பெறவில்லை. இலால்குடி வயலும் அந்தநல்லூர் வாழைத்தோப்பும் வேறு ஆற்றிலா நீர் குடிக்கின்றன?

“பாமரனுக்கு வேதியியல் தெரியுமா?” என்று கேட்போர் உளர். தெரியாதிருக்கலாம். ஆனால், தன் கிணற்றில் எந்தக் கோடையில் எத்தனை அடியில் நீர் நின்றது என்பது அவனுக்குத் தெரியும். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அறிவியலே அன்றோ?

ஆகவே தோழர்களே, அரசின் வரைவு வெளிவரும் நாளிலேயே, கிளைதோறும் அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். வரவேற்பாயினும் எதிர்ப்பாயினும் காரணத்தோடு எழுதி, கெடு முடியுமுன் அனுப்புங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், உழவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். நடவாவிடில், ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள்.

அன்று கல்லணை சொல்லிற்று, காட்டன் கேட்டார். இன்று நாம் சொல்வோம். தில்லியும் கோட்டையும் கேட்கட்டும்!