காமிராக் கண்ணில் படியும் மங்கல்



1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் பிரிந்துபோன நம் உறவினரின் மணவிழாக்களைக் காத்துத் தருபவை பழைய நிழற்படங்களே. அவற்றை எடுத்த காமிராக்கள் பாறசாலையிலும் அண்டைச் சிற்றூர்களிலும் சில இல்லங்களில் இன்னும் உள்ளன. படம் மங்குகின்றது என்று அவற்றைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவாரும் உளர். அது தகுமா என்று ஆராய்வோம்.

மங்கல் மூவகைப்படும். முதலாவது, எண்ணெய்ப் படலம். லென்சைத் திருப்பும் மரைகளில் இட்ட கிரீசு, வெப்பத்தால் சிறிது சிறிதாக ஆவியாகி, வில்லைகளின் உட்புறத்தில் படிகின்றது. ஒளி அதிற் பட்டுச் சிதறுதலால், படத்தில் கருமை சாம்பல் நிறமாகின்றது. எதிர்வெயிலில் படம் முழுதும் வெளிறுகின்றது. இரண்டாவது, பூசணம். இடவப்பாதி மழையும் துலா மழையும் பெறுகின்ற நம் நாட்டின் ஈரத்தில் அது சிலந்திவலைபோற் கிளைக்கும். மூன்றாவது, வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் என்னும் பிசின் விட்டுப்போதல்.

இவற்றை அறிவது எளிது. லென்சின் துளையை முழுதும் திறந்து, பின்புறம் டார்ச் விளக்கைக் காட்டி, முன்புறம் சற்றுச் சாய்வாக நோக்குக. சீரான புகைபோல் தோன்றின் எண்ணெய்ப் படலம். நூலிழைகளாய்த் தோன்றின் பூசணம். ஓரத்தில் வானவில் நிறமோ குமிழோ தோன்றின் பிசின் பிரிவு.

எண்ணெய்ப் படலத்தைத் தேர்ந்த தொழிலாளி லென்சைப் பிரித்துத் துடைத்தால், பெரும்பாலும் பழைய தெளிவு மீளும். காலந்தாழ்த்தின் படலமும் பூசணமும் மேற்பூச்சை அரித்து, பின் கண்ணாடியிலேயே வடுச்செய்யும், அவ்வடு நீங்காது. செர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பார் 1935இல் கண்ட ஒளிப்பூச்சு முறையைப் பின்பற்றிய தொடக்ககாலப் பூச்சுகள் மென்மையானவை. ஆதலின் வேட்டி நுனியால் தேய்த்தல் ஆகாது.

காக்கும் வழியும் கடினமன்று. ஈரத்தை உறிஞ்சி வைக்கும் தோலுறையில் காமிராவைப் பூட்டி வையாதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைத்து, திங்களுக்கொருமுறை வெளியிலெடுத்து இயக்குங்கள். வெயிலில் நெடுநேரம் காய வைத்தால் கிரீசு இளகிப் பரவும், அதனையும் தவிருங்கள்.

கண்ணாடி நூறாண்டும் நிற்கும். முதலில் தளர்வன அதனைச் சூழ்ந்த எண்ணெயும் பிசினுமே. ஆகவே எடைக்குப் போடுமுன் ஒருமுறை விளக்கொளியில் நோக்குவோமாக. பாட்டனார் கண்ட எல்லைச் சிற்றூரை, அவர் வைத்துச் சென்ற அதே கண்ணால் நம் பேரரும் காணட்டும்.