படத்தில் வெள்ளை வெள்ளையாக விழ

பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நாங்கள் எடுத்த படங்களில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் மஞ்சள் தண்ணீரில் நனைத்தவை போல் விழுந்திருந்தன. துவைத்துப் போட்ட தாய்மாருக்கு மனவருத்தம். தவறு எங்களுடையதே. கேமராவை வெயில் குறியில் விட்டுவிட்டு, மண்டபத்துக் குண்டு பல்பின் கீழ் எடுத்திருந்தோம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள். குண்டு பல்பு சுமார் 2,700. உச்சி வெயில் சுமார் 5,500. நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு நாம்தான் சொல்லவேண்டும்: பல்புக்குப் பல்புக் குறி, வெயிலுக்கு வெயில் குறி. முகத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அது திரையில் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்துவது இன்னும் நல்லது. ரப்பர் மரத்தடியில் இலைப் பச்சை முகத்தில் விழும். அங்கே தாள் கட்டாயம் வேண்டும்.

கைத்தொலைபேசி தானாகவே திருத்துமே என்பீர்கள். பெரும்பாலும் திருத்தும், ஆனால் அது ஊகம்தான். பிறந்த குழந்தையைப் படமெடுத்து அனுப்பி, "மஞ்சள் காமாலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மஞ்சளையே ஒளியின் குறையென்று எண்ணித் தொலைபேசி துடைத்துவிடலாம். படத்தை நம்பிக் காத்திராமல் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லுங்கள். தாதி நேரில் பார்க்கட்டும். தேவையானால் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள்.