பண்டிகை வேலையில் பிஞ்சுக் கைகள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் செய்யாறு பக்கம் கிராமம். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ராயப்பேட்டையில் இருக்கிற என் நாத்தனார் உங்கள் குழுவில் உறுப்பினர். "பண்டிகைக்குப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நீங்க செய்யறதை எங்க கூட்டத்துல வந்து சொல்லுங்க அண்ணி" என்றாள். அதான் வந்தேன்.

பண்டிகை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிறோம், ரெண்டு வயசுப் பிள்ளைக்கு போனைக் கொடுக்கிறோம். அப்புறம் நாம் மட்டும் வேலை பார்க்கிறோம். அந்த வேலையிலேயே அவர்களுக்கும் பங்கு கொடுக்கலாம். எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதை மட்டும் பார்த்துக் கொடுக்கணும்.

கிருஷ்ண ஜெயந்தியை எடுத்துக்குங்க. அரைச்ச அரிசி மாவில் முஷ்டியைத் தோய்ச்சு பக்கவாட்டில் வச்சா பாதம், விரல் நுனியால் அஞ்சு புள்ளி வச்சா கால்விரல். வீட்டில் குழந்தை இருந்தால் அதன் காலையே தோய்க்கலாமே! எட்டு மாசக் குழந்தையை ஒருத்தர் அக்குளில் தாங்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் மாவுத் தட்டைப் பிடிக்கணும். மாவு தோசைமாவுப் பதத்தில் இருக்கட்டும், தண்ணியா இருந்தா தடம் பரவிடும். ஈரத் தரையில் வழுக்கும், உடனே காலைக் கழுவித் துடைச்சிடுங்க. ரெண்டு வயசுப் பிள்ளையா இருந்தா நாம் முஷ்டி வைக்க, அது விரல் புள்ளி வைக்கும். ஆறு விரல், ஏழு விரல் வரும். வரட்டும், கிருஷ்ணர் கோவிச்சுக்க மாட்டார்.

கொலு வைக்கிறவங்க படிக்குக் கீழே பார்க் வைப்பீங்க இல்லையா? அதுக்குக் கேழ்வரகை ராத்திரி ஊறவச்சு, மண் தட்டில் தூவச் சொல்லுங்க. மூணு நாலு நாளில் முளைச்சிடும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய பொம்மையை விட, தான் தூவினது பச்சையா வந்ததைத்தான் என் சின்னவன் எல்லாருக்கும் காட்டினான்.

இப்போ பிள்ளையார். களிமண் பிசையறதுக்கு மிஞ்சின விளையாட்டு குழந்தைக்குக் கிடையாது. கையில் உருண்டையைக் கொடுத்தா அது தொந்தி, சின்ன உருண்டை தலை. ஆனா கண்ணுக்குக் குன்றிமணி வைக்கிறோமே, அதைப் பத்திச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன். சிவப்பில் கறுப்புப் புள்ளி, பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். அது விஷம். உள்ளே அப்ரின் என்ற நஞ்சு இருக்கு. மேல் தோல் கெட்டியானதால் முழுசா முழுங்கினா சில சமயம் அப்படியே வெளியே வந்துடும். கடிச்சாலோ, கோர்க்க ஓட்டை போட்டதா இருந்தாலோ ஆபத்து. வாந்தி, பேதி சில மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், சில பேருக்கு ஒரு நாளுக்கு மேலயும் ஆகும். அதனால "நல்லாத்தானே விளையாடுது"ன்னு காத்திருக்கக் கூடாது. விரல் விட்டோ உப்புத் தண்ணி கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மிச்சமிருக்கிற மணியைக் கையோடு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கு, 108 இருக்கு. எங்க ஊர்லேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரம் ஆகும்.

மூணு வயசுக்குள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் பிள்ளையார் கண்ணைக் கரியால் வரைஞ்சிடுங்க. "சாஸ்திரம் போச்சு"ன்னு என் மாமியார் முதல் வருஷம் முணுமுணுத்தாங்க. இப்போ அவங்களே கரி எடுத்துத் தராங்க.

கார்த்திகைக்கு பிளாஸ்டிக் அகல் விளக்கு விக்குதே, அதுக்குள்ளே வட்ட பேட்டரி இருக்கும். தொண்டையில் சிக்கினா ரெண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். ஸ்குரூ போட்ட மூடி இல்லாததை வாங்காதீங்க. ஜிகினா கண்ணில் விழும், தெர்மாகோல் உதிரும் குண்டு வாய்க்குப் போகும். ரெண்டும் வேண்டாம்.

இங்கே கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடுற அக்காக்களும் இருக்கீங்க. பழைய நோட்டுத் தாளைக் கிழிக்கச் சொல்லி, மைதா பசையில் நட்சத்திரமாவோ பிறையாவோ ஒட்ட வைங்க. ஒன்றரை வயசுக்கே கிழிக்க நல்லா வரும். கலருக்கு மஞ்சள் கரைசல், பீட்ரூட் சாறு போதும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தா சிவப்பு வரும்தான், ஆனா சுண்ணாம்பு தோலை அரிச்சிடும், கண்ணில் பட்டா இன்னும் மோசம். அதை நாமகூட குழந்தை பக்கத்தில் வச்சுக் கலக்க வேண்டாம்.

எங்க ஏரி களிமண் ஒரு கூடை கொண்டு வந்திருக்கேன், கல் பொறுக்கி சலிச்சதுதான். பின்னாடி மேஜையில் இருக்கு. குழந்தை வச்சிருக்கிறவங்க ஆளுக்கு ஒரு உருண்டை எடுத்து ஈரத் துணியில் சுத்திக்கிட்டுப் போங்க.