நோவுக்கும் பேர் உண்டு

(இறம்பொடையில் நடந்த சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் அம்மாமார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பழகிப் போச்சு." மழையில் நனைந்த கூடையோடு சரிவில் ஏறி இறங்கி வருகிறார்கள். இரவில் சித்தாலேப தேய்த்து, இரண்டு பனடோல் போட்டுப் படுக்கிறார்கள். விடிந்தால் பெரட்டு. வேலை என்றால் நோவு இருக்கத்தான் செய்யும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

காயம் எவ்வளவோ அவ்வளவுதான் நோவு என்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் பீச்சர் என்ற அமெரிக்க டொக்டர், பலத்த காயம்பட்ட சிப்பாய்களிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். 1946இல் இதை எழுதினார். அந்தக் காயம் அவர்களைப் போர்க்களத்திலிருந்து உயிரோடு மீட்டது. அந்த நிம்மதி நோவைக் குறைத்தது என்பது அவர் கருத்து.

நமக்கு இது தலைகீழ். இடுப்பு பிடித்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தக் கவலையும் நோவைக் கூட்டும். முள்ளந்தண்டில் ஒரு கதவு போல நோவு கூடவும் குறையவும் வழி இருக்கிறது என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் விளக்கினார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் ஏன் நோவு குறைகிறது என்பதற்கும் அதுதான் விளக்கம்.

அதற்காக "எல்லாம் மனசுலதான்" என்று யாரும் தள்ளிவிட முடியாது. நோவைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது, நோகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றது. நோவின் அளவு எக்ஸ்ரேயில் விழாது. கங்காணியின் கண்ணிலும் விழாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் "மேலெல்லாம் வலி" என்று மட்டும் சொன்னால் பனடோல்தான் கிடைக்கும். நம்மிடம் சொல்லா இல்லை? கடுக்குது, குடையுது, குத்துது, எரியுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப் போகுது. ஒவ்வொரு சொல்லும் டொக்டருக்கு ஒரு தடயம். இடுப்பிலிருந்து பாதம்வரை மின்னல் மாதிரி இழுத்தால் முதுகில் நரம்பு அழுந்தியிருக்கலாம். இரவில் விரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். இடுப்பு நோவோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வேலைத்தலத்தில் விழுந்து அடிபட்டால் இன்னொன்றும் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கும் உரியது. ஆனால் விபத்தை அறிவித்திருக்க வேண்டும். "சின்ன அடிதானே" என்று மறைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நடக்க முடியாதபோது வந்தால், சங்கம் கையில் எதை வைத்து வழக்காடும்?

ஆகவே மூன்று வேலை. எங்கே, எப்போது, எப்படி நோகிறது என்று டிஸ்பென்சரியில் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். விழுந்தால் அன்றே தோட்ட ஆபீசுக்கும் நம் தலைவருக்கும் அறிவியுங்கள். எழுத வராத அம்மாமாருக்கு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். அதை நான் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறேன்.